வளைவில் சாயாமல்

காட்டுப் பாதைக்காகக் கழற்றிப்போட்டிருந்த பின்பக்க ஸ்வே பார் கம்பியை ஜீப்பில் திரும்ப மாட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான்கு வருஷமாக முகம்கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் அதனால்தான் ஒரே வண்டிக்கடியில் படுத்திருந்தார்கள்.

"கம்பியைக் கொஞ்சம் தூக்குண்ணே... போதும், போல்ட் இறங்கிடுச்சு."

"நல்லா இறுக்குடா. அப்பா பின்னால படுத்து வரப்போறாரு. வளைவுல வண்டி சாயக் கூடாது."

"ஆம்புலன்ஸ்காரர் மேடு ஏறாதுன்னு கையை விரிச்சுட்டாராமே?"

"அதான் உன் ஜீப்பைக் கேட்டேன்."

இருவரும் அப்பாவை மெத்தையோடு தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். அண்ணன் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டான்.

தம்பி சாவியைத் திருகியதும் அம்மா ஜன்னலருகே வந்தாள்.

"மெதுவாவே போங்கடா. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கணும்னு, நேத்து உயிர் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."