கைராசி இல்லாத டாக்டர்

“அந்தப் புது டாக்டரு ஊசி எனக்கு வேணாம்லா மிஸ்ஸி. பெரிய டாக்டரு வரட்டும், அவருகிட்டயே போட்டுக்கிறேன்.”

காளியம்மா நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். மலைமேல் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லோரியில் போட்டு, காலையில்தான் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நெஞ்சு வலி. பேசப் பேச மூச்சு வாங்கியது.

டாக்டர் திலகம் ஊசியோடு குனிந்தாள். “பெரிய டாக்டர் வர சாயங்காலம் ஆயிடும்மா. அதுவரைக்கும் தாங்காது. கைய நீட்டும்மா.”

காளியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திலகம் நழுவிய போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள். பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நர்ஸ் ரீட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திலகம் தங்கமான பெண்ணாயிற்றே! வார்டில் யார் வந்தாலும் வாய் நிறைய அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அது எழுபத்தெட்டாம் வருஷம். படித்து முடித்து இங்கே வேலை பழக வரும் புது டாக்டர்களில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ரீட்டா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். திலகம் தேறுவாள் என்று பெரிய டாக்டரிடமே அடித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தத் தோட்டத்து ஆட்கள் வந்தாலே இதே கூத்து. இந்த வாரம் பெரிய டாக்டர் முடிவு சொல்ல வேண்டும். நோயாளி கையே கொடுக்காத டாக்டரை யார் தேறவிடுவார்கள்?

“ஏம்மா, உங்க உசுரு உங்களுக்கு வெளாட்டாப் போச்சா? அந்தப் பொண்ணு மேல அப்படி என்ன கோவம்?”

“அதுக்குக் கைராசி இல்ல. மொத ஊசி போட்ட ஆளே செத்துப்போச்சு.”

“இந்த வார்டுல அப்படி யாரும் சாகலையே!”

“இங்க இல்ல. மேல, தோட்டத்துல, எங்க லயன் வீட்டுல.”

“யாரு கெளப்பிவிட்ட பேச்சு இது? நாக்குல நரம்பில்லாத எவளாவதா இருக்கும்!”

“நான்தான்.”

ரீட்டா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“செத்தது எம் புருசன். பொணத்து மேல விழுந்து அழுதப்ப, பாவி வாயில அது வந்துருச்சு. தோட்டமே அதப் புடிச்சிக்கிச்சு. சொன்ன சொல்ல இனி அள்ள முடியுமா?” தேயிலைக் கறை ஏறிய விரலால் காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. “அது தேறுமா மிஸ்ஸி?”

ரீட்டாவுக்கு மனசு இளகிவிட்டது. கட்டிலோரம் உட்கார்ந்தாள். “நீங்க கையக் குடுங்கம்மா. உங்களுக்கும் சரியாயிடும், அதுவும் தேறிடும்.”

“எப்படிக் குடுப்பேன்? நான் இனிப் பொழைக்க மாட்டேன், எனக்கே தெரியுது. அப்பன் அவ மடியில போயிட்டாரு. ஆத்தாளும் அவ கையிலயே போயிட்டா, எம்மவ அப்புறம் ஊசியத் தொடுவாளா மிஸ்ஸி?”