மாதையன் விட்ட மூச்சு

"பாருங்கண்ணே, இன்னிக்கும் ரத்தம் சொட்டிக்கீது" என்று மங்கம்மாள் லாரியின் பின்சக்கரத்தடியைக் காட்டினாள். செம்மண் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாய் ஒரு கறை.

கண்ணாயிரம் மேஸ்திரி குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "ஆயிலும்மா. பின் ஆக்சில்ல இருந்து ஒழுவுது."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. ஆயில அடைக்கிற ரப்பர் சீலு மாத்தாத நாளில்ல, நிக்க மாட்டேங்குது." அவள் குரல் தாழ்ந்தது. "அவரு வூட்டுக்கு வராம இதுலயே கீறாருண்ணே."

அவர் என்றால் அவள் புருஷன் மாதையன். போன வருஷம் இதே லாரியில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியவன், கொண்டை ஊசி வளைவில் வண்டியோடு சரிந்தான். வண்டியை ஒரு மரம் தாங்கிக்கொண்டது, அவனைத் தாங்கவில்லை. குடித்திருந்தான் என்றது பாதி ஊர், வளைவு முனி அடித்துவிட்டது என்றது மீதி ஊர். செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப் போகிறான்?

இப்போது அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஒரே மகன் சின்னராசு. இன்று மதியம் அதே புளி மூட்டை, அதே இறக்கம், செங்கம் சந்தை. அந்தப் பயத்தில்தான் மங்கம்மாள் மலைக்குக் கீழே ஆள் அனுப்பிக் கண்ணாயிரத்தை வரவழைத்திருந்தாள்.

அவர் மண்ணெண்ணெய் போட்டு ஆக்சிலைத் துடைத்தார். "கொஞ்சம் கோலமாவு குடும்மா" என்றார். லாரிக்கு அடியில் கோலமா என்று அவள் விழித்தாள். மாவை ஆக்சில் முழுக்கத் தூவி, சின்னராசுவை மேட்டில் ஏறி இறங்கி வரச் சொன்னார். கசிகிற இடத்தை நனைந்த மாவு காட்டிக் கொடுத்துவிடும்.

வண்டி திரும்பியதும் அடியில் மல்லாந்து படுத்தார். இரண்டு சக்கரத்துப் பக்கமும் ஒன்றுபோல நனைந்திருந்தது. சீல் இரண்டும் புத்தம் புதுசு. பேய் என்றால் சிரிக்கிற மனுஷர்தான், அவருக்கே ஒரு கணம் முதுகு சில்லிட்டது.

கையை மேலே விட்டுத் தடவினார். ஆக்சிலின் உச்சியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது இறுகி அடைத்திருந்தது. கம்பியால் ஒரு குத்து குத்தினார்.

ஹா... என்று நீளமாக ஒரு பெருமூச்சு புறப்பட்டது.

"ஐயோ, அவரு மூச்சு!" வெளியே மங்கம்மாள் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எதையோ முணுமுணுத்தபடி எழுந்து வீட்டுக்குள் ஓடினாள்.

வெளியே வந்த கண்ணாயிரத்தின் நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மலை மண் என்று நினைத்தார். மண்ணுக்கு இத்தனை வாசனையா என்று ஒரு யோசனை வந்தது. உள்ளே அவள் ஊதுவத்தி ஏற்றியிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

"பேயும் இல்ல, முனியும் இல்ல தம்பி. ஓட்டத்துல ஆக்சில் சூடேறும், உள்ள கீற காத்து பொங்கும். போவ வழியில்லன்னா இன்னா பண்ணும்? சீலைத் தாண்டி ஆயிலத் தள்ளும். அது பிரேக்குல எறங்கிச்சுன்னா, எறக்கத்துல ஏறி நின்னு மிதிச்சாலும் வண்டி நிக்காது."

சின்னராசு லாரியைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப எங்கப்பா..."

"குடியில போகலடா உங்கப்பா. மிதிச்சுப் பாத்திருப்பாரு. நின்னிருக்காது."

பையன் லாரிக் கதவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஒரு வருஷமாக ஊர் வாயில் குடிகாரனாய்க் கிடந்த அப்பன் இன்றைக்குத்தான் மனுஷனாக எழுந்து நின்றான். கண்ணாயிரத்துக்கும் கண் கலங்கியது. பிரேக்கைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டினார்.

பையைக் கட்டும்போதுதான் பார்த்தார். மங்கம்மாள் கையில் ஒரு கிண்ணத்தோடு லாரிக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தாள்.

"அங்க இன்னாம்மா பண்றே?"

"சந்தனம் வெக்கறேண்ணே. வண்டி கெளம்பறப்பல்லாம் வெப்பேன். சக்கரம், பம்பரு, அடியில கீற அந்த ஓட்டை வரைக்கும். தொறந்து கெடந்தா கெட்டது எதனா உள்ள பூந்துடும் இல்ல?"

கண்ணாயிரம் தன் நகத்தைப் பார்த்தார். சின்னராசு அவரைப் பார்த்தான்.

அடியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அவரு போன அன்னிக்கு அவசரத்துல கொஞ்சமாத்தான் அடைச்சேன், அதான் போய்ட்டாரு."