குற்றவாளி சோயா

பொத்தென்று மேசைமேல் வந்து விழுந்தது பொட்டலம். வாய் பிரிந்து, சோயா உருண்டைகள் டாக்டரம்மாவின் பேனா, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டி ஓடின.

"இதுதாம்மா என் பையனைக் கெடுத்தது. கையும் களவுமா புடிச்சுக் கொண்டாந்திருக்கேன்" என்றார் பெரியவர். குத்துச்சண்டைப் பள்ளி நடத்தியவர். 'இரும்பு வாத்தியார்' என்றால்தான் ஊரில் தெரியும்.

பையனுக்கு நாற்பத்தைந்து வயது. இப்போது அந்தப் பள்ளியின் மாஸ்டர். இரண்டு நாற்காலிக்குப் போதுமான தோள்களை ஒரே நாற்காலிக்குள் குறுக்கிக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அழறான். டி.வி.யில நாடகம் பாத்து அழறான். சரி, நாடகம்தானேன்னு விட்டா, நடுவுல சோப்பு விளம்பரம் வருது, அதுக்கும் அழறான்."

"அந்த விளம்பரத்துல அந்தக் கொழந்தை அம்மாவைப் பாத்து..." என்று ஆரம்பித்த மாஸ்டர், அப்பா திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா? பொண்ணுக்குத் தினம் தலை பின்னி விடறான், ரெட்டைப் பின்னல். நேத்து ஒருத்தன் மூக்குல குத்து வாங்கிட்டு நிக்கறான். இவன் போய், 'வலிக்குதாப்பா'ன்னு கேக்கறான். குத்துச்சண்டைப் பள்ளியில கேக்கற கேள்வியா இது?"

டாக்டரம்மா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சோயாவுல பொம்பளைங்க ஹார்மோன் இருக்காம். போன்ல வந்த வீடியோவுல ஒரு டாக்டரே சொல்றார்."

"எந்த டாக்டர்?"

"பேர் போடல. ஆனா கோட்டு போட்டிருந்தார்."

மருமகள் கைப்பையின் வாரை முறுக்கியபடி மெதுவாகச் சொன்னாள். "நான் எனக்குத்தான் வாங்கினேன் டாக்டர். திடீர் திடீர்னு உடம்பு அனலா கொதிச்சு வேர்த்துக் கொட்டுது. இந்த வயசுல சோயா சாப்பிட்டா நல்லதுன்னாங்க. இவருக்கு வேற காய்தான் செய்வேன். மாமா பக்கத்துல வந்து உக்காந்ததும் இவரே இதை அள்ளிப் போட்டுக்குவார்."

"ருசி புடிச்சுப்போச்சு. கொஞ்ச நாள்ல வளையல் கேப்பான்" என்றார் பெரியவர்.

டாக்டரம்மா, அவர்கள் கொண்டுவந்திருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஒரே வார்த்தைதாம்மா" என்றார் பெரியவர். "சோயாதான் காரணம்னா, அது சீக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன். சீக்கு இல்லன்னா, அது கொழுப்பு. நாளையிலிருந்து பழையபடி பிரம்பை எடுக்கணும், பசங்க நடுங்கற மாதிரி கத்தணும். பின்னல் கின்னல் எல்லாம் அவன் பொண்டாட்டி பாத்துக்கட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க. நான் இவரைப் பாத்துட்டுச் சொல்றேன்."

மருமகள் பெரியவரின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கதவு மூடியும் அவர் குரல் கேட்டது. "எங்க பரம்பரையில ஒருத்தன் கண்ணுலயாவது தண்ணி வந்திருக்கா?"

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மாஸ்டர், பயப்படாதீங்க. சோயாவுல இருக்கறது செடியோட சரக்கு. பேருக்குத்தான் ஈஸ்ட்ரோஜன். நம்ம ஹார்மோனுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. வரும், ஓரமா ஒரு நாற்காலியில உக்காரும், போயிடும். வீட்டுச் சாவியை எல்லாம் அது கையில யாரும் குடுக்கறதில்ல."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"உங்க வீட்டம்மாவுக்கு வர்ற அனலுக்கே சிலருக்குக் கொஞ்சம் கேக்கும், சிலருக்குக் கேக்காது. அவ்வளவுதான் அதோட பலம். சாப்பாட்டுல சேர்த்துக்கற அளவுக்கெல்லாம் எந்த ஆம்பளைக்கும் ஹார்மோன் மாறாது. உங்க ரிப்போர்ட்டும் சுத்தம்."

"ஒரு துளிகூட கூடலயா?"

"கூடல, குறையல. கல்லு மாதிரி இருக்கீங்க. போய் அப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க."

இந்த இடத்தில் எந்த நோயாளியும் கையெடுத்துக் கும்பிடுவார். மாஸ்டரோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தார். பூனை போல நடந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார்.

பிறகு மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சோயாதான் காரணம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க டாக்டர். இனிமே நிறுத்தினாலும் சரியாகாதுன்னு சேர்த்துச் சொல்லிடுங்க."