அரைவயிறு

மருமகள் கைப்பையைச் சோபாவில் வீசினாள்.

“நான் அஞ்சு மாசம்னு ஆபீஸுக்கு போன் போட்டுச் சொன்னது நீங்கதானே அத்தை?”

“நான்தான்.”

“பிரமோஷன் வர்ற வரைக்கும் வயிறு தெரியக்கூடாதுன்னுதானே அரைவயிறு சாப்பிட்டுட்டு இருந்தேன்! மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

மாமியார் அவளுக்குத் தட்டு வைத்துச் சோற்றைக் குவித்தாள். பக்கத்தில் தட்டை நீட்டிய மகனுக்கு அரைக் கரண்டியோடு சரி. முப்பது வயதிலேயே அவனுக்குத் தொப்பை, சர்க்கரை, மாத்திரை டப்பா.

“புள்ளைக்கு ஊட்டி ஊட்டிச் சர்க்கரையை வரவெச்சாச்சு. அடுத்து நானா?”

“ஊட்டி வந்ததில்லம்மா. பட்டினி போட்டு வந்தது.” மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப நான் வேலை பார்த்த தையல் கம்பெனியில வயிறு தெரிஞ்சா வேலை போயிடும். எட்டு மாசம் ஒருவேளைச் சாப்பாட்டுல இவனை மறைச்சேன். வேலை தப்பிச்சுது. உள்ளேயே பட்டினி கிடந்து, வெளியேயும் பஞ்சம்தான்னு நம்பி, இவன் ஒண்ணரைக் கிலோவா வந்தான். அந்த உடம்புக்குக் கிடைச்சதையெல்லாம் கொழுப்பாச் சேர்த்து வைக்க மட்டும்தான் தெரியும், அதான் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னார்.”

மகன் நீட்டிய தட்டு அப்படியே நின்றது. அவனுக்கும் இது புதுச் செய்தி.

மருமகள் சோற்றைப் பிசைந்தாள்.

“உங்க மேல கோபம் போகலை அத்தை” என்றாள். “இன்னொரு கரண்டி வைங்க.”