மேனேஜருக்கு வைத்த பால்

தன் கையால் பூசிய சிமெண்டைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார் அவர்.

மெதுவாகத்தான். உளிச் சத்தம் அடுப்படிக்குக் கேட்கக் கூடாது.

முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் குடித்தனம். நடுவில் இந்த ஒரே சுவர். அதன் அடியிலிருந்த எலி வளையைக் கண்ணாடிச் சில்லு திணித்து, சிமெண்டு குழைத்து, போன வாரம்தான் அடைத்திருந்தார். இனி ஒரு எலி வீட்டுக்குள் வரட்டும், பார்த்துவிடலாம் என்று மீசையைக்கூடத் தடவிக்கொண்டார்.

இப்போது அதே எலிக்கு வழி திறந்துவிடுகிறார். என்ன பிழைப்பு இது!

எல்லாம் துவரம்பருப்பில் ஆரம்பித்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் வாங்கிப்போன பையோடு திரும்பி வந்தார். பருப்புக்குள் கிடந்த எலிப்புழுக்கையை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். பருப்பையும் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மானமே போயிற்று. அன்றைக்கே எலிமருந்து வாங்கிக் கடைக்குள் வைத்தார். வளையையும் அடைத்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அந்த வீட்டு வழக்கம் அப்படி. மருந்து என்றோ பொறி என்றோ வாயைத் திறந்தால் எலி கேட்டுக்கொள்ளும், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. யாராவது மறந்துபோய்ப் பேச்செடுத்தால் அமுதவல்லி உதட்டில் விரலை வைப்பாள். கண்ணால் சுவரைக் காட்டுவாள். உடனே பேச்சு வெயிலுக்கோ வெங்காய விலைக்கோ மாறிவிடும்.

மேனேஜரை ரெண்டு நாள் வீட்டுக்குள்ளேயே அடைத்து வை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

சொல்லவில்லை.

மேனேஜர் என்றால் பூனை. மகன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி.

"அப்பா, இனிமே மருந்து கிருந்தெல்லாம் வேணாம். வேலைக்கு ஆளைப் போட்டாச்சு" என்றான்.

அம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். குட்டியோ ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தது. அதனால் மேனேஜர்.

அந்தப் பிள்ளை பைபாஸில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான்.

அதற்கப்புறம் அமுதவல்லி அழவில்லை. பேசவும் இல்லை. சொந்தபந்தமெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தது. கல்லாகவே இருந்தாள். மாதக்கணக்கில் அப்படி இருந்தவள், ஒரு சாயங்காலம் காலித் தட்டின் முன்னால் நின்று கத்திய பூனையைப் பார்த்தாள்.

"பசிக்குதா மேனேஜரே? வாங்க, சாப்பிட வாங்க."

வீட்டுக்குக் குரல் திரும்பிய நாள் அது. பிறகுதான் இவரோடும் நாலு வார்த்தை பேச ஆரம்பித்தாள்.

அந்த மேனேஜர்தான் மருந்து தின்ற எலியைத் தின்றது.

வயசாகிப் பல் போன பூனை. ஓடுகிற எலியைப் பிடித்து எவ்வளவோ காலமாயிற்று. தள்ளாடிக்கொண்டு ஒன்று கிடைத்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டதோ!

அரிசி மூட்டைகளுக்கு நடுவே விறைத்துக் கிடந்தது. அமுதவல்லி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கோணியில் சுற்றி, மிச்சமிருந்த மருந்தோடு பின்பக்கத்துக் காலிமனையில் புதைத்தார். நாய் தோண்டாதிருக்க மேலே ஒரு கல். பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். வாய்விட்டு அழக்கூடப் பயம்.

அன்று சாயங்காலமும் அவள் சுவரோரம் பால் வைத்துக் கூப்பிட்டாள்.

காலையில் பால் அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாளும் வைத்தாள்.

"எங்க போயிருப்பாரு?" என்றாள். அதோடு சரி. சோறு போடும்போது பேசவில்லை. போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பழைய மௌனம் திரும்ப வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தடவை இதைத் தாங்க அவரால் முடியாது.

அதனால்தான் உளியை எடுத்தார்.

கடைசிச் சில்லும் பெயர்ந்தது. துளைக்குள்ளிருந்து பருப்பு வாசனை வந்தது.

விடிந்ததும் தட்டு காலி.

"பாத்தீங்களா, வந்து குடிச்சிட்டுப் போயிருக்காரு" என்றாள் அமுதவல்லி. இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டாள்.

கடையில் மூட்டை மூட்டையாகக் கடிபட்டது. கோணி ஊசியை வைத்துத் தைத்துக்கொண்டார். பருப்பைப் புடைத்துப் புடைத்து விற்றார். மருந்து வைக்கச் சொன்ன பக்கத்துக் கடைக்காரரிடம் எரிந்து விழுந்தார். தினமும் காலையில் தட்டு காலியாக இருந்தது. தினமும் அவள் பேசினாள்.

பிறகு ஒரு நாள் பார்த்தார். சிவப்புத் தரையில் பால் தடங்கள். தட்டிலிருந்து வளை வரைக்கும் பொடிப் பொடியாக.

பூனைக் கால் இத்தனை சின்னதா?

நல்லவேளை, அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தோளில் கிடந்த துண்டால் அவசரமாகத் துடைத்தார். இனி அவளுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வெளுக்கும்போதே துண்டை நனைத்துக்கொண்டு வந்தார்.

அமுதவல்லி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதித் தடங்கள் போயிருந்தன. பாதி இன்னும் வளையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. பழகிய கை, அவசரப்படவில்லை.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அமுதா... நம்ம மேனேஜரு..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

உதட்டில் விரலை வைத்தாள். கண்ணால் சுவரைக் காட்டினாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைத் துடைத்தார்.