எருமை அணியின் முதல் பிரிவு

எருமைக்குத் தோற்பது பழக்கம்தான். இறங்குவதுதான் பிடிக்காது.

அந்தக் காட்டு ரக்பியில் இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் கடைசியாக வரும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்த வருஷம் எருமை அணி கடைசி. இரண்டாம் பிரிவில் ஜெயித்த கீரிகள் அந்த இடத்துக்கு ஏற வேண்டும்.

ஆனால் பிரிவுகளை வகுக்கும் கமிட்டிக்குத் தலைவரே எருமைதான். சேற்றில் படுத்து அசைபோட்டபடியே அறிவித்தது: "ஆட்டத்தோட நன்மைக்காகச் சொல்றேன். இனிமே முதல் பிரிவுல கொம்பு உள்ள அணிங்க மட்டும்தான்."

கீரிகளுக்கு இடமில்லாமல் போனது. அடுத்த வருஷம் மான்கள் எருமைகளைப் புரட்டி எடுத்தன.

"கிளைவிட்ட கொம்பு செல்லாது."

அதற்கடுத்த வருஷம் ஆடுகளிடமும் தோல்வி.

"தாடி இருக்கக் கூடாது."

கடைசியில் முதல் பிரிவில் எருமை அணி மட்டுமே மிஞ்சியது. ஒரு மேட்ச்கூட ஆடாமல் கோப்பையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு தலைவர் ஊர்வலம் வந்தார். பார்க்கத்தான் ஆளில்லை, காடே கீரி–மான் ஆட்டத்துக்குப் போயிருந்தது.

புள்ளிப் பட்டியல் எழுதும் கொக்கு மட்டும் எதிரே வந்தது.

"வாழ்த்துகள் தலைவரே! முதல் பிரிவுல முதலிடம் நீங்கதான்."

"தெரிஞ்சதுதானே!"

"கடைசி இடமும் நீங்கதான். எப்ப இறங்குறீங்க?"