கூடையில் ஏழாம் நம்பர்

"முன் அனுபவம்னு கேட்டிருக்கிற இடத்துல 'பாத்திரக்கடை, ஆறு வருஷம்'னு எழுதியிருக்கீங்களே, இது என்ன விளையாட்டா?"

"இல்ல மேடம், வியாபாரம்."

மேலாளர் சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இது எட்டாவது நேர்காணல். இதற்கு முன் பார்த்த ஏழு பேரும் பாத்திரக்கடை என்ற வரி வந்ததுமே, "சொல்லி அனுப்புறோம்" என்று வாசலைக் காட்டியவர்கள். பகலில் சித்தப்பாவின் கடை, மாலையில் வகுப்பு என்று ஒரு வருடம் ஓடி, வாடிக்கையாளர்களின் புள்ளிவிவரங்களை அலசும் படிப்பை முடித்திருந்தாள். சித்தப்பா வைத்த கெடு இந்த மாதக் கடைசி. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூல் அவளுக்கு நிரந்தரம். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் படியேறியிருந்தாள்.

மேலாளரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். இடது கட்டைவிரல் பக்கம் ஷூவில் தையல் விட்டிருந்தது.

"சரி, ஒரு பரீட்சை," என்று ஒரு தாளை நகர்த்தினார் மேலாளர். "நாங்க ஆன்லைன்ல செருப்பு, ஷூ விக்கிறோம். இது வாடிக்கையாளர் நம்பர் 4471. அஞ்சு வாரமா எங்க உயிரை வாங்குற ஆள். ஒரே ஷூவைக் கூடையில போடுறாங்க, விலாசம் வரைக்கும் அடிக்கிறாங்க, பணம் கட்டுற பக்கம் வந்ததும் போயிடுறாங்க. பதினோரு தடவை! ஒவ்வொரு தடவையும் எங்க கம்ப்யூட்டர் 'வாங்க, தள்ளுபடி தர்றோம்'னு மெயில் அனுப்புது. அஞ்சு சதவீதத்துல ஆரம்பிச்சு இப்ப நாப்பதுல வந்து நிக்குது. இந்த ஆளுக்கு என்னதான் பிரச்சினை? பத்து நிமிஷம் தர்றேன்."

அவள் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். தெரியாது என்று சொல்லி எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த ஸ்டூல் கண்முன் வந்து நின்றது.

"பத்து நிமிஷமெல்லாம் வேண்டாம் மேடம்."

"அடேங்கப்பா! எங்க ஆளுங்க மூணு பேர் மூணு நாள் பார்த்தாங்க. 'முடிவெடுக்கத் தெரியாத ஆள், ஐம்பது குடுத்தா வாங்கிடும்'னாங்க."

"ஐம்பது குடுத்தா அறுபதுக்கு நிக்கும். முடிவெடுக்கத் தெரியாதவங்க பத்து ஷூவைப் புரட்டிப் பார்ப்பாங்க. இவங்க வேற எதையும் தொடவே இல்ல. அதே கறுப்பு, அதே ஏழாம் நம்பர். உங்க மெயில் போனா ரெண்டே நிமிஷத்துல திறந்து படிக்கிறாங்க. ஷூ பிடிச்சிருக்கு மேடம், வாங்கவும் போறாங்க."

"அப்புறம் எதுக்கு விட்டுட்டுப் போறாங்க?"

"போகல, போற மாதிரி போறாங்க. எங்க கடையிலயும் குக்கரைத் தட்டிப் பார்த்துட்டு, 'கட்டுப்படியாகாது'ன்னு வாசப்படி வரைக்கும் நடப்பாங்க. காது மட்டும் கடைக்குள்ளயே இருக்கும். எங்க சித்தப்பா கூப்பிடவே மாட்டார், தராசைத் துடைச்சுக்கிட்டு இருப்பார். அவங்களே திரும்பி வருவாங்க. உங்க கம்ப்யூட்டர் என்னடான்னா தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுக்குது. இப்படி ஒரு இளிச்சவாய்க் கடைக்காரர் கிடைச்சா யார்தான் சும்மா விடுவாங்க?"

மேலாளரின் உதட்டோரம் துடித்தது. "இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவள் அந்தத் தாளை ஒருமுறை தடவினாள்.

"கூப்பிடாதீங்க. கூடையில போட்டுட்டுப் போறவங்கள்ல பாதிப் பேருக்கு மெயிலை நிறுத்துங்க, மீதிப் பேருக்கு எப்பவும்போல அனுப்புங்க. ரெண்டு வாரம் கழிச்சு, எந்தப் பக்கம் எத்தனை பேர் வாங்கினாங்க, என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு பாருங்க. என் பேச்சை நம்ப வேண்டாம், வர்ற எண்ணிக்கையை நம்புங்க."

"இந்த 4471?"

"அவங்களுக்கு..." அவள் தாளை மேலாளர் பக்கம் திருப்பி நகர்த்தினாள். "இன்னைக்கே நிறுத்திடுங்க மேடம்."

"நல்லது. சாயங்காலத்துக்குள்ள மெயில் வரும், போய்ட்டு வாங்க."

கடைக்குத் திரும்பியபோது சித்தப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சொல்லி அனுப்புறோம்னாங்களா?"

"சாயங்காலம் மெயில் வருமாம்."

"அதையே கொஞ்சம் நாகரிகமாச் சொல்லியிருக்காங்க. உனக்காக ஸ்டூலைக்கூடத் துடைச்சு வச்சிருக்கேன், பாரு."

"அதுல நீங்களே சௌகரியமா உக்காருங்க சித்தப்பா. இது இல்லேன்னா ஒன்பதாவது கம்பெனி இருக்கு. நான் நிறுத்தப் போறதில்ல."

ஆறு மணிக்குக் கைபேசியில் மெயில் வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேரலாம் என்றிருந்தது. வாய்விட்டுக் கூவினாள். சித்தப்பாவின் கையிலிருந்த துணி நழுவித் தராசுத் தட்டில் விழுந்தது.

கடிதத்தின் அடியில் மேலாளர் தனியாகச் சில வரிகள் சேர்த்திருந்தார்:

"கறுப்பு ஷூ, ஏழாம் நம்பர், நாளைக்கே உங்க வீட்டுக்கு வந்துடும். முழு விலை, பேரம் கிடையாது; முதல் சம்பளத்துல பிடிச்சுக்குவோம். அப்புறம், வேலையோட முதல் பாடம்: பேரம் பேசின அதே மெயில் ஐடியிலேர்ந்து வேலைக்கு விண்ணப்பம் போடக்கூடாது."